எடைக்குறைப்பு அறுவை யாருக்கு?

உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ, வயது 46. ஆறு வருடமாகச் சர்க்கரை. மூன்று விதமான மாத்திரை போட்டும் மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி 9-க்குக் கீழே இறங்க மறுக்கிறது. இப்படி ஒரு பெண்மணியை வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் எந்த ஊர்ச் சர்க்கரை மருத்துவரிடம் போனாலும் இவரைப் போல நாலு பேர் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார்கள். இவருக்கு எடைக்குறைப்பு அறுவை பொருந்துமா?

பி.எம்.ஐ. கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 32.5 வருகிறது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 1991-இல் கூட்டிய மாநாட்டின் விதிப்படி இவருக்கு இடமில்லை. இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009-இல் வகுத்த வரையறைப்படி வாசற்படியில் நிற்கிறார். அமெரிக்காவின் ஒன்றும் உலக அளவிலான ஒன்றுமாக இரண்டு அறுவை மருத்துவர் சங்கங்கள் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி தாராளமாக உள்ளே வரலாம். மருத்துவக் காப்பீட்டு விதிப்படி மறுபடியும் வெளியே. உடம்பும் நோயும் ஒன்றுதான். ஏட்டுக்கு ஏடு பதில் மாறுகிறது.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க அந்த எண்ணின் பிறப்பைத் தொட வேண்டும். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கை 1830-களில் போட்டவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்டலே. அவர் மருத்துவர் அல்ல. வானியலும் புள்ளியியலும் அறிந்தவர். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடிக்கொண்டிருந்தவர். 1972-இல் ஆன்செல் கீஸ் அதே கணக்கை எடுத்து பி.எம்.ஐ. என்று பெயர் வைத்தார். மக்கள் கூட்டத்தை அளக்க வந்த கோல், மெல்ல மெல்லத் தனி ஆளின் வயிற்றைத் திறக்கலாமா என்று தீர்ப்புச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டது.

1991 மாநாடு சொன்னது இது: பி.எம்.ஐ. 40-க்கு மேல் என்றால் அறுவையை யோசிக்கலாம். 35-க்கு மேல் இருந்து கூடவே கடுமையான துணைநோய்களும் இருந்தால் யோசிக்கலாம். அந்தக் காலத்துக்கு அது நியாயமான எச்சரிக்கைதான். அன்று வயிற்றை நீளமாகக் கிழித்துத்தான் அறுவை நடந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் சிறுகுடல் பைபாஸ் முறை எத்தனையோ பேரின் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பாழாக்கிவிட்டுக் கைவிடப்பட்டிருந்தது. சூடு கண்டவர்கள் வரைந்த கோடு அது. பிறகு லேப்ராஸ்கோப்பி வந்தது, மயக்க மருந்து முறைகள் தேறின, நீண்டகால ஆய்வுகள் வெளிவந்தன. கோடு மட்டும் முப்பது வருடம் நகரவே இல்லை. 2022-இல்தான் அது இறங்கியது: 35-க்கு மேல் என்றால் துணைநோய் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம், 30 முதல் 35 வரை உள்ளவர்களுக்குச் சர்க்கரை போன்ற வளர்சிதை நோய் இருந்தால் யோசிக்கலாம், ஆசியர்களுக்கு 27.5-இலேயே வாய்ப்புத் தரலாம்.

ஆசியர்களுக்கு ஏன் இந்தத் தனி அளவு? 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் மருத்துவ ஆய்வாளர் யாஜ்னிக்கும் லண்டன் ஆய்வாளர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. இருவரும் பார்வைக்கு ஒல்லி. ஆனால் யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடம்பில் 21.2 சதவீதம். அரங்கம் நிறையப் புள்ளிவிவரம் காட்டினாலும் ஏறாத விஷயத்தை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது. நம் ஆட்களுக்குக் கை கால் மெலிந்திருக்க, வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றியும் குடலைச் சுற்றியும் கொழுப்பு சேர்கிறது. ‘தொப்பை மட்டும்தான் சார், மத்தபடி ஒண்ணுமில்ல’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தத் தொப்பைதான் விஷயமே. அதே 2004-இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் ஆசியர்களுக்கு 23, 27.5, 32.5, 37.5 என்று கூடுதல் எல்லைகளைக் குறித்தது. 2009-இல் இந்தியாவுக்கு வகுத்த 32.5-உம் 37.5-உம் இந்தப் படிக்கட்டில் உள்ளவைதான்.

இனி காப்பீட்டுக்கு வருவோம். 2019-இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விலக்குகளை ஒரே சீராக்கியபோது, எடைக்குறைப்பு அறுவைக்கு வைத்த நிபந்தனை இது: 18 வயது நிரம்ப வேண்டும், மருத்துவர் பரிந்துரைக்க வேண்டும், பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும். 35 என்றால் இதயநோய், கடுமையான தூக்க மூச்சுத்தடை, கட்டுப்படாத சர்க்கரை போன்ற ஏதாவது ஒன்று சேர்ந்திருக்க வேண்டும். மற்ற வழிகளும் தோற்றிருக்க வேண்டும். அதாவது அமெரிக்காவின் 1991 கோடு. நம் 155 செ.மீ. பெண்மணி 35-ஐத் தொட வேண்டுமானால் எடை 84 கிலோ ஆக வேண்டும். சர்க்கரைக்காக உடம்பை இளைக்கச் சொல்லும் மருத்துவர் ஒரு பக்கம். இன்னும் ஆறு கிலோ ஏறி வந்தால் பணம் தருகிறோம் என்று சொல்லாமல் சொல்லும் விதி மறு பக்கம். மருத்துவம் இறங்கி வந்த படிகளைக் காப்பீடு இறங்கவில்லை. கையில் லட்சக்கணக்கில் பணம் இருப்பவருக்கு 27.5, பாலிசியை நம்பியிருப்பவருக்கு 35. இதைத் தகுதி என்று சொல்வதைவிட வசதி என்று சொல்வது பொருந்தும்.

சரி, எந்தக் கோடுதான் சரியானது? எந்தக் கோடும் பாதி வேலைதான் செய்யும் என்பது என் எண்ணம். இந்தத் துறையில் அதிகக் காலம் தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் ஒன்று சுவீடனுடையது. 1987-இல் தொடங்கி, அறுவை செய்துகொண்ட 2,010 பேரையும் செய்யாத 2,037 பேரையும் பின்தொடர்ந்தார்கள். அறுவை செய்தவர்களிடம் இறப்பு விகிதம் 29 சதவீதம் குறைவு என்று 2007-இல் அறிவித்தார்கள். 2020-இல் ஆயுளைக் கணக்கிட்டபோது சராசரியாக மூன்று வருடம் கூடியிருந்தது. அப்படியும் சாதாரண மக்களைவிட ஐந்தரை வருடம் குறைவுதான். விளம்பரங்களில் இந்த இரண்டாம் பாதி வருவதில்லை. இதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. மாரடைப்பும் பக்கவாதமும் யாருக்கு அதிகம் தவிர்க்கப்பட்டன என்று பார்த்தபோது, தொடக்கத்தில் இருந்த பி.எம்.ஐ.க்கும் கிடைத்த பலனுக்கும் தொடர்பே தெரியவில்லை. பலனை முன்கூட்டிக் காட்டியது ரத்தத்தில் இருந்த இன்சுலின் அளவு. 45 உள்ளவருக்கு 36 உள்ளவரைவிடப் பலன் அதிகம் என்று சொல்ல வழியில்லை.

அதனால்தான் எடை எவ்வளவு என்பதை விட்டு, எடை என்ன செய்திருக்கிறது என்று கேட்கும் முறைகள் வந்தன. கனடாவில் ஆர்யா சர்மா 2009-இல் முன்வைத்த எட்மன்டன் நிலைகள் அப்படிப்பட்டவை. பருமன் இருந்தும் உடலிலோ மனத்திலோ பாதிப்பே இல்லாதவர் பூஜ்ஜியம். உறுப்புகள் செயலிழந்து படுக்கையில் இருப்பவர் நான்கு. 2025-இல் லான்செட் நியமித்த ஆணையமும் நோயாகிவிட்ட பருமன், நோயாகும் முன்பான பருமன் என்று பிரித்தது. நடைமுறையில் இதன் பொருள் எளிது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறாரா, முட்டித் தேய்மானத்தில் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியவில்லையா, ஈரல் கொழுத்துத் தழும்பாகிக்கொண்டிருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு முக்கியமானது சர்க்கரை. 1995-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரீஸ், இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்குச் சர்க்கரை அடங்கிப்போவதை ஆச்சரியத்தோடு எழுதினார். எடை குறையும் முன்பே, சில நாட்களிலேயே அளவு இறங்கியதுதான் ஆச்சரியத்துக்குக் காரணம். உணவு இரைப்பையின் பெரும்பகுதியையும் முன்குடலையும் தாண்டி நேராகக் கீழ்க்குடலுக்குப் போகும்போது, ஜி.எல்.பி.-1 முதலான குடல் ஹார்மோன்கள் அதிகம் சுரக்கின்றன என்று பிறகு தெரிந்தது. கிளீவ்லாந்தில் 150 பேரிடம் நடந்த சோதனையில் ஐந்து வருடம் கழித்து எச்பிஏ1சி 6-க்குள் இருந்தவர்கள்: மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம், இரைப்பையை வெட்டிச் சுருக்கும் ஸ்லீவ் செய்தவர்களில் 23, பைபாஸ் செய்தவர்களில் 29. பைபாஸ் மருந்தைப் போல ஆறு மடங்கு பலன் தந்தது என்பது உண்மை. பைபாஸ் செய்தவர்களிலும் பத்தில் ஏழு பேர் அந்த இலக்கைத் தொடவில்லை என்பதும் அதே அளவு உண்மை. சுவீடன் ஆய்வில் இரண்டு வருடத்தில் 72 சதவீதம் பேருக்குச் சர்க்கரை விலகியிருந்தது. 15 வருடத்தில் அது 30 சதவீதமாகச் சுருங்கியது.

விலகியது யாருக்கு, திரும்பியது யாருக்கு? இங்கேதான் தேர்வின் சூட்சுமம் இருக்கிறது. சர்க்கரை வந்து எத்தனை வருடம், இன்சுலின் ஊசி தொடங்கியாயிற்றா, எத்தனை மாத்திரை, கணையத்தில் மிச்சம் எவ்வளவு. கடைசிக் கேள்விக்கு ஒரு ரத்தப் பரிசோதனையே உண்டு: சி-பெப்டைடு. கணையம் சொந்தமாக இன்சுலின் சுரக்கிறதா என்பதை அது காட்டும். தைவானின் வெய்-ஜெய் லீ குழு வயது, பி.எம்.ஐ., சி-பெப்டைடு, நோய் வந்த காலம் ஆகிய நான்கையும் சேர்த்து ஒரு மதிப்பெண் முறையே அமைத்தது. 110 கிலோ எடையும் 18 வருடச் சர்க்கரையும் அடிமட்ட சி-பெப்டைடும் உள்ளவரை அறுவை இளைக்க வைக்கும். சர்க்கரையை விலக்க வாய்ப்புக் குறைவு. 78 கிலோ எடையோடு ஆறு வருடச் சர்க்கரையும் நல்ல சி-பெப்டைடும் உள்ள நம் பெண்மணிக்கு வாய்ப்பு அதிகம். நம் ஊரில் நடப்பது தலைகீழ். மாத்திரை, இன்னொரு மாத்திரை, இன்சுலின், கூடுதல் இன்சுலின் என்று எல்லாம் தோற்று, கணையமும் ஓய்ந்த பிறகுதான் ‘கடைசி வழி’ என்று அறுவையின் பேச்சு வருகிறது. ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை உள்ள தமிழ்நாட்டில், இந்தத் தாமதத்துக்குக் கொடுக்கும் விலை சிறியதல்ல.

அறுவை கூடாதவர்கள் யார் என்பதில் கருத்து வேறுபாடு குறைவு. எடைக்கு வேறு நோய் காரணமாக இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும். முகம் வட்டமாகி, கை கால் மெலிந்து, வயிற்றில் அகலமான ஊதா வரிகள் இருந்தால் குஷிங் நோயா என்று சோதிக்காமல் தேதி கொடுப்பது பெரும் தவறு. தைராய்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ‘எனக்குத் தைராய்டு, அதான் குண்டு’ என்பது நாம் தினமும் கேட்பது. தைராய்டு குறைவதால் ஏறும் எடை பெரும்பாலும் சில கிலோதான், நாற்பது கிலோ அல்ல. கட்டுப்படாத மனநோய், தீராத குடி, மயக்க மருந்தைத் தாங்காத இதயம், முற்றிய ஈரல் சுருக்கம், கர்ப்பம் ஆகியவை இருந்தால் தள்ளிப்போட வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். புகைப்பவர் சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும். பைபாஸ் தையலில் புண் வருவதற்கு அது பெரிய காரணம்.

குடியைப் பற்றிக் கேட்டால் நம் ஆண்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: ‘எப்பவாவது, விசேஷத்துக்கு.’ மனைவியைத் தனியாகக் கேட்டால் விசேஷம் வாரத்துக்கு நாலு நாள் வருவது தெரியும். பைபாஸுக்குப் பிறகு மது சட்டென்று ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு ஒரு குவார்ட்டர் செய்த வேலையை அதில் பாதி செய்துவிடும். அமெரிக்க ஆய்வொன்றில், அறுவைக்கு முன் 7.6 சதவீதமாக இருந்த குடிநோய் இரண்டாம் வருடத்தில் 9.6 ஆக உயர்ந்திருந்தது. உண்பதில் கிடைத்த ஆறுதல் பறிபோனதும் சிலர் வேறு இடத்தில் அதைத் தேடுகிறார்கள். யூட்டா மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியான பெரிய ஒப்பீட்டில், பைபாஸ் செய்தவர்களிடம் சர்க்கரையால் வரும் மரணம் 92 சதவீதம் குறைந்தது. விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத மரணங்கள் 58 சதவீதம் கூடியிருந்தன. மனநல ஆலோசகரின் கையெழுத்தை ஒரு சடங்காக வாங்கி ஃபைலில் செருகும் வழக்கம் இந்த எண்ணைப் பார்த்த பிறகும் தொடரக் கூடாது.

முட்டிவலிக்காரர்களிடம் தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வலிக்கு என்ன போடுகிறீர்கள்? மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைப் பைபாஸ் செய்தவர் தொடக் கூடாது. தையலில் புண் வந்து ரத்தம் கசியும், ஓட்டையும் விழலாம். வலி மாத்திரையை விட முடியாதவருக்கு பைபாஸைவிட ஸ்லீவ் மேல்.

ஆனால் ஸ்லீவும் எல்லாருக்கும் ஆகாது. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். திரும்ப வைக்க முடியாது. செய்ய எளிது, நேரம் குறைவு என்பதால் அதுதான் பரவலாகச் செய்யப்படுகிறது. பின்லாந்தில் 240 பேரைப் பத்து வருடம் பார்த்த சோதனையில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாய் அழற்சி இருந்தது. பைபாஸில் 7 சதவீதம். ராத்திரி படுத்தால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், தலையணை இரண்டு வேண்டும் என்பவருக்கு முதலில் எண்டோஸ்கோபி. அதில் அழற்சி தெரிந்தால் ஸ்லீவ் வேண்டாம். குடும்பத்தில் இரைப்பைப் புற்று இருந்தால் கணக்கு மறுபடி மாறும்; பைபாஸில் ஒதுக்கப்படும் இரைப்பைக்குள் பிறகு எண்டோஸ்கோபி எளிதில் போகாது.

இளம்பெண்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களில் பலர் தானாக வருவதில்லை; அழைத்து வரப்படுகிறார்கள். ‘வரன் தட்டிப்போகுது டாக்டர், ஆறு மாசத்துல குறைச்சுக் கொடுங்க’ என்று அம்மா பேசுவார், பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு, ஒழுங்கற்ற மாதவிடாய், கூடிய பி.எம்.ஐ. என்று மருத்துவக் காரணம் இருந்தால் அறுவை நல்ல பலன் தரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதம் கருத்தரிக்கக் கூடாது என்பது வழிகாட்டுதல். எடை வேகமாக இறங்கும் காலத்தில் வயிற்றுப் பிள்ளைக்குச் சத்து போதாது. அதே சமயம் எடை குறைந்ததும் கருமுட்டை வெளியாவது சீராகி, கரு எளிதில் தங்கும். பைபாஸ் செய்தவருக்குக் கருத்தடை மாத்திரையையும் முழுதாக நம்ப முடியாது. கல்யாணமான மூன்றாம் மாதமே ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்று கேட்கும் வீட்டில், ஒன்றரை வருடம் பொறுங்கள் என்று மாமியாரிடம் யார் சொல்வது? இந்த உரையாடல் அறுவைக்கு முன்பே, பெண்ணோடு தனியாக நடக்க வேண்டும். அவளுக்கு வேண்டாம் என்றால், பி.எம்.ஐ. எவ்வளவானாலும் அவள் தகுதியானவள் அல்ல.

2025-இல் இந்தியச் சந்தைக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகள் இந்தக் கணக்கைக் கலைத்துப் போட்டிருக்கின்றன. வாரம் ஒரு தடவை செமாக்ளூடைடு போட்டவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை இழந்தார்கள். டிர்செபடைடின் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். பைபாஸ் பத்தாம் வருடத்தில் தக்கவைப்பது 25 சதவீதம் என்பது சுவீடன் கணக்கு. இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனால் செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு ஒரே வருடத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. ஆகவே மாதாமாதம் மருந்துக்குப் பணம் கட்ட முடிகிறதா என்பதும் மருத்துவக் கேள்வியாகிவிட்டது. பி.எம்.ஐ. 30-ஐ ஒட்டி இருப்பவர்களுக்கு முதலில் ஊசியை முயல்வது நியாயம். 45-இல் தூக்க மூச்சுத்தடையோடு இருப்பவரை ஊசியிலேயே வருடக்கணக்கில் நிறுத்தி வைப்பது நியாயமில்லை.

உயிர் ஆபத்து எவ்வளவு? அமெரிக்காவின் பத்து மையங்களில் 4,776 பேரைப் பார்த்தபோது 30 நாள் இறப்பு 0.3 சதவீதம். அனுபவமுள்ள குழு, தீவிர சிகிச்சைப் பிரிவு, இரவிலும் மயக்க மருந்து நிபுணர் என்று எல்லாம் உள்ள இடத்தின் எண் அது. 2024-இல் சென்னைப் புறநகரில் இந்த அறுவைக்குப் போன இளைஞர் ஒருவர் இறந்தார். சுகாதாரத் துறை விசாரித்து அந்த மருத்துவமனையின் உரிமத்தை நிறுத்தி வைத்தது. ஆள் பொருந்துகிறாரா என்று பார்ப்பதைப் போலவே இடம் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். பேக்கேஜ் விலையில் தள்ளுபடி தருகிறார்கள் என்பது இடத்தைப் பற்றிய தகவல் ஆகாது.

பின்வாழ்வைப் பற்றிப் பலருக்கும் யாரும் விளக்குவதில்லை. பைபாஸில் மிஞ்சும் இரைப்பைப் பை சுமார் 30 மி.லி. முதல் நாட்களில் கஞ்சித் தெளிவும் மோரும் பருப்புத் தண்ணீரும் மடக்கு மடக்காக. பிறகு தினம் 60 கிராம் புரதம் உள்ளே போக வேண்டும். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம். முட்டையும் சாப்பிடாத சைவக் குடும்பத்தில் இதை எட்டுவது லேசல்ல. பன்னீர், சுண்டல், மீல்மேக்கர் என்று சமையலே மாற வேண்டும். தட்டில் சாதம் கடைசி இடத்துக்குப் போக வேண்டும். இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவை ஆயுள் முழுக்க. விடாத வாந்தி இருந்து தயமின் குறைந்தால் நடை தள்ளாடும், பார்வை இரட்டிக்கும், மூளையே பாதிக்கப்படலாம். சர்க்கரை மாத்திரை நின்றது என்ற சந்தோஷத்தில் சத்து மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. இதையெல்லாம் வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள், ரத்தப் பரிசோதனைக்கு வருடா வருடம் வர முடியுமா என்று கேட்காத தேர்வு பாதித் தேர்வுதான்.

நம் 46 வயதுப் பெண்மணிக்கு என் பதில்: சி-பெப்டைடு நன்றாக இருந்து, எண்டோஸ்கோபி சுத்தமாக இருந்து, குடும்பம் கூட நின்றால், ஊசியை முயன்று பார்த்து அது போதாதபோது அறுவை அவருக்குப் பொருந்தும், இன்சுலின் தொடங்கி வருடங்கள் ஓடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதற்காக அவர் 84 கிலோ ஆக வேண்டியதும் இல்லை. காப்பீட்டு ஆணையம் அந்த 35-ஐயும் 40-ஐயும் ஆசிய உடம்புக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும். மாறும்வரை, வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சி-பெப்டைடும் எண்டோஸ்கோபியும் மனநல ஆலோசனையும் முடியும் முன்பே அறுவைக்குத் தேதி குறித்து அட்வான்ஸ் கேட்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.